துணிக்கொடிக்குக் கீழே ஓர் எருக்கஞ்செடி

துணி காயப்போடப் போன என் மனைவி பின்கதவிலிருந்தே குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்க செடியில புழு!"

எங்கள் வீட்டில் செடி வாங்கும்போது அது அவளுடையது. புழு வந்துவிட்டால் என்னுடையது. இந்த எருக்கஞ்செடியை ஆயர் ஈத்தாமில், பானைக் கடைகளை ஒட்டிய ஒரு நர்சரியில் அவள்தான் வாங்கினாள். லாபிசில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஜொகூர் பாருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். "பிள்ளையாருக்கு மாலை கட்டலாம்" என்றாள். டிராகன் உருவம் போட்ட மண்தொட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கினாள். அதைக் காரிலிருந்து இறக்கிய அன்று பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் முழுதாக விடவில்லை.

இறக்கிய பிறகு எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. எருக்கை வாசலில் வைக்கக் கூடாது, அது பாழடைந்த வீட்டில் முளைப்பது என்பது அவள் கட்சி. நம் மக்களில் பெரும்பாலோர் அந்தக் கட்சிதான். பிள்ளையார் கழுத்தில் இருக்கலாம், வீட்டு வாசலில் இருக்கக் கூடாது. ஆகவே பின்பக்கம், சலவை இயந்திரத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில், துணிக்கொடிக்குக் கீழே இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாள். கேட்டால் பெரிய கதை. தொட்டியைத் தள்ளி வைத்தேன்.

இப்போது அந்தச் செடியில் ஒன்பது புழுக்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று வரிவரியாக, யாரோ மெல்லிய தூரிகையால் பொறுமையாகத் தீட்டியது போல. முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். மகள் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, மோனார்க்குன்னு அமெரிக்கால பெரிய பட்டாம்பூச்சி இருக்குல்ல, இது அதுக்குச் சொந்தக்கார பூச்சி லா" என்றாள். கிள்ளினால் பால் வடிகிற இந்த இலைதான் இவற்றின் சாப்பாடு என்றும், அந்தப் பாலின் விஷம் உடம்பில் சேர்ந்துவிடுவதால் குருவிகள் இவற்றைத் தொடாது என்றும் வாசித்துக் காட்டினாள். எனக்கு அது முன்பே தெரியும்.

அன்று மாலை கேட்டில் ஒரு தாள் செருகியிருந்தது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மூன்று வீடு தள்ளி, ஒருவருக்கு டெங்கிக் காய்ச்சல். மறுநாள் மாலை புகையடிக்க வருவார்கள். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும். சாப்பாட்டை மூடி வைக்க வேண்டும். புழுக்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பின்வரிசைத் தெருவில் அன்றைக்கே அடித்துவிட்டார்கள் போல. டீசலும் ஏதோ ஒரு புளித்த இனிப்பும் கலந்த வாடை சுவர் தாண்டி வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளில் ஏறியது. துணியில் மருந்து வாடை. அவ்வளவு போதும், அஞ்சலை அக்கா நினைவில் வந்து நின்றுவிடுவாள்.

அஞ்சலை அக்கா என் பெரியம்மா மகள். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு லாபிஸ் வட்டாரச் செய்தியாளனாக வேலைக்குச் சேர்ந்தபோது, டவுனில் ஒரு சீனர் காப்பிக் கடையின் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே காப்பிக்கொட்டை வறுத்தால் என் தலையணை வரைக்கும் வாசனை வரும். ரயில் போனால் கட்டில் ஒரு அங்குலம் நகரும். சட்டைப்பையில் நான்கு வண்ணப் பேனா, கையில் சின்ன நோட்டுப் புத்தகம், காலில் பளபளக்கும் சப்பாத்து. செம்மண் சாலையில் சப்பாத்து போட்டுக்கொண்டு போன ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். செய்தியை எழுதி, எழுதுபொருள் கடையில் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு, மறுநாள் பேருந்து நிலையத்தில் நின்று யாராவது என் செய்தியை வாசிக்கிறார்களா என்று வேடிக்கை பார்ப்பேன். பெரும்பாலும் மரண அறிவிப்பைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். டவுனிலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட தோட்டம். லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது. மச்சான் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். என்னைக் கண்டதும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான்.

"என்னா மாப்ள, இன்னிக்கி யாரு செத்தா?"

"யாரும் சாவல மச்சான்."

"அலமாக், அப்புறம் எப்படி உங்க பேப்பரு விக்கும்?"

அக்கா உள்ளிருந்து, "சும்மா இருங்க, புள்ள பசியோட வந்திருக்கான்" என்பாள். நெத்திலி சம்பல், மீன் குழம்பு, மரவள்ளிக்கிழங்குக் கீரை. சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனால் எருக்கஞ்செடி. அதே காரணம்தான். வாசலில் வைக்கக் கூடாது, ஆனால் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு மாலை வேண்டும். ஆகவே பின்பக்கம், குளிக்கும் இடத்தை ஒட்டி, துணிக்கொடிக்குக் கீழே.

அந்தச் செடியில்தான் முதன்முதலாக இந்த வரிப்புழுக்களைப் பார்த்தேன். அக்கா அவற்றைக் கோயில் மாடு போல வளர்த்துவந்தாள். கிள்ளிப் போடவும் மாட்டாள், விரட்டவும் மாட்டாள். "பாலக் குடிச்சிக் குடிச்சி எப்படி மினுக்குது பாருடா, மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி" என்பாள். இலைக்கடியில் தொங்கும் கூட்டைக் காட்டி, "இது போன வாரத்து ஆளு, அடுத்த ஞாயிறு வா, பறந்துடும்" என்று தேதி சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தில் துணுக்கு போட ஆசை. உலகத்தில் நடப்பதெல்லாம் துணுக்காக ஆகக் காத்திருக்கிறது என்று நினைத்த வயது அது.

அக்காவின் வேலை மருந்தடிப்பது. முதுகில் தோம்பு என்கிற மருந்துக் கலனைக் கட்டிக்கொண்டு செம்பனை வரிசைகளில் களைக்கு மருந்து அடிக்கிற பெண்கள் கும்பல் ஒன்று இருந்தது. அதில் அவள். தலையில் துண்டு, அதன் மேல் தொப்பி, மச்சானுடைய பழைய நீளக்கைச் சட்டை, கைலிக்கு உள்ளே காற்சட்டை. கையுறை கொடுத்திருந்தார்கள்தான். வெயிலில் உள்ளே வியர்த்துக் கை வழுக்குகிறது என்று கழற்றிவிடுவார்கள். மருந்து கரும்பச்சையாக இருக்கும். மூக்கில் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் இறங்காது.

சதுர்த்திக்கு முந்தின ஞாயிறு அக்கா எருக்கம்பூ கோத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, மச்சான் சொன்ன ஏதோ ஒரு கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் விரல்களைக் கவனித்தேன். நான்கு விரல்களில் நகம் வெளுத்து, அடிப்பக்கம் கழன்று, பழைய ஓடு போல நின்றது. ஒரு விரலில் நகமே இல்லை.

"என்னக்கா இது?"

"அதுவா? விழுந்து விழுந்து முளைக்குதுடா. பல்லு மாதிரி."

"வலிக்கலயா?"

"பூ கட்டுறப்ப வலிக்கல. துணி பிழியறப்பதான் உயிரு போவுது."

துணி பிழிய முடியவில்லை என்பதால் என்ன ஆனது என்பதை நான் அடுத்த ஞாயிறுதான் பார்த்தேன். பார்த்தேன் என்கிறேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை. கொடியில் அவளுடைய வேலைச் சட்டையும் கைலியும் தொங்கின. பிழியாததால் சொட்டிக்கொண்டிருந்தன. சொட்டுவது நேராக எருக்கஞ்செடியின் மேல். அந்தப் பக்கத்து இலைகளில் காசளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். புழுக்கள் பின்காலால் இலையைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கின. சிலவற்றின் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகியிருந்தது. குச்சியால் தொட்டேன். அசையவில்லை. செடியின் மறுபக்கம், அடுப்படிச் சுவரை ஒட்டி, சொட்டு விழாத இடத்தில் இருந்தவை வழக்கம்போல் இலையை அரைத்துக்கொண்டிருந்தன.

எண்ணினேன். நோட்டில் எழுதினேன்: கொடிக்குக் கீழே செத்தது ஏழு. அடுப்படிப் பக்கம் உயிரோடு பதினொன்று.

இவ்வளவு துல்லியமாக எழுதியவனுக்கு அதற்கு அடுத்த வரி தோன்றவில்லை. "ச்சே, துணுக்கு போச்சே" என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

மச்சான் செடியைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். கேலியெல்லாம் நின்றுவிட்டது. "சாமி செடியில புழு சாவுதுன்னா நல்லதுக்கில்ல" என்றார். அக்கா சிரித்து மழுப்பினாள். சிரிக்கும்போதே மூக்கிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் இறங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "சூடு" என்றாள். கொஞ்ச நாளாக அவளுக்கு வலக்கண்ணும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு டிரஸ்சர். டாக்டர் எப்போதாவது வருவார். டிரஸ்சர்தான் மருந்து, ஊசி, தீர்ப்பு எல்லாம். அவர் கண்ணைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டார். அக்கா வெள்ளந்தியாக, "எருக்கம்பூ கட்டினேங்கய்யா" என்றாள்.

"அதான பாத்தேன்! எருக்கம்பால் கண்ணுல பட்டா குருடாயிடும், தெரியாதா? வெறுங்கையில அதப் போயி நோண்டிக்கிட்டு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எருக்கம்பால் கண்ணுக்குக் கெடுதல்தான். பூ கட்டியது ஒரே ஒரு நாள், நகம் போக ஆரம்பித்தது பல மாதத்துக்கு முன்பு என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டியவன் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் நோட்டை எடுத்து டிரஸ்சர் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனிடம் வேறு செய்தி இல்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மகளிர் பக்கத்தில், பெட்டிச் செய்தியாக: 'எருக்கம்பால்: இல்லத்தரசிகளே எச்சரிக்கை!' ஆச்சரியக்குறி தலைமை அலுவலகத்தில் சேர்த்தது. மற்றதெல்லாம் நான். லாபிஸ் அருகே வசிக்கும் இல்லத்தரசி திருமதி அஞ்சலை எருக்கம்பாலினால் கண்ணும் நகமும் பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெறுகிறார், சுகாதாரப் பணியாளர் ஒருவர் இவ்வாறு எச்சரிக்கிறார். அவள் மருந்தடிக்கிறவள் என்பது அந்தப் பெட்டியில் எங்கும் இல்லை. இடம் போதவில்லை என்று சொல்லமாட்டேன். எழுதவில்லை.

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கண் வேறு கலங்கியிருந்ததால் என்னையே வாசிக்கச் சொன்னாள். சத்தமாக வாசித்தேன். தன் பெயர் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா, இல்லத்தரசின்னு போட்டிருக்க? எந்த இல்லத்துக்கு நான் அரசி?"

"பேப்பர்ல அப்படித்தான்க்கா போடுவாங்க."

"ராணியம்மா, ஒரு காப்பி போடுங்க" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம். பெட்டியைக் கத்தரித்துச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டினாள். பிறகு மச்சான் பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பேப்பரிலேயே போட்டாகிவிட்டது, இனி அந்தச் செடி எதற்கு? நான்கு வெட்டு. பால் பீய்ச்சிக்கொண்டு செடி சாய்ந்தது. அடுப்படிப் பக்கத்துப் பதினொன்றும் இலையோடு குப்பைக்குழிக்குப் போயின.

அதற்கடுத்த ஞாயிறுகளில் துணி வழக்கம்போல் வெறும் மண்ணில் சொட்டியது. அங்கே சாவதற்கு எதுவும் இல்லை. நானும் எண்ணவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னாள், "உன் பேப்பர ஆபீஸ்ல ஒட்டி வச்சிருக்காங்கடா."

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"எந்த ஆபீஸ்ல?"

"தோட்டத்து ஆபீஸ்லதான். அறிவிப்புப் பலகையில." அவள் சொல்லிக்கொண்டு போனாள். கண் ஆறவில்லை, மூச்சு வாங்குகிறது, உதிரிப் பழம் பொறுக்குகிற வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்கப் போயிருக்கிறாள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கிராணி எழுந்துபோய்ப் பலகையில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார்.

"மருந்துன்னு யாரும்மா சொன்னா? எருக்கம்பால்னு பேப்பரே சொல்லுது. உன் பேருதான இது? செடிய வெட்டியாச்சுல்ல, சரியாப் போயிடும், போ."

அவர் குரலில் அப்படியே சொல்லிக் காட்டினாள் அக்கா. நன்றாக இருந்தது. கும்பலில் மற்ற பெண்கள் யாராவது நகத்தைக் காட்டினாலும் இப்போது அதே பதில்தானாம். "எல்லார் வீட்டு எருக்கையும் வெட்டச் சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு, நான் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "நீ என்னடா பண்ணுவ, அவரு சொன்னதத்தானே எழுதின. சாப்புடு" என்றாள்.

அன்றைக்கே ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். பொதுத்தொலைபேசிக்குள் நின்று, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கொடிக்குக் கீழே ஏழு, அடுப்படிப் பக்கம் பதினொன்று என்று வாசித்தேன். பாலைக் குடித்தவை உயிரோடு இருந்தன, துணித் தண்ணீர் பட்டவை செத்தன என்று விளக்கினேன். திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"டிரஸ்சர் சொன்னதத்தானப்பா போட்டோம்? அவரு மறுப்பு குடுத்தா போடுவோம். செத்த புழு அறிக்கை விட்டுச்சுன்னு போட முடியுமா?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அடுத்த நாள் பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்தியை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அக்கா மருந்தடித்தாள். முதலில் வலக்கண்ணில் வெள்ளை விழுந்தது. பிறகு மூச்சு. மருந்துதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எந்த டாக்டரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. எழுதப்பட்டிருந்த ஒரே காரணம் எருக்கம்பால், அதை எழுதியவன் நான். அவள் இறந்த செய்தி வந்தபோது நான் ஜொகூர் பாரு அலுவலகத்துக்கு மாற்றலாகியிருந்தேன். கேதத்துக்குப் போனேன். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிச் செய்தி மஞ்சளாகி ஒட்டியே இருந்தது. மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். யார் செத்தது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

எங்கள் தாமானில் புகையடிக்கிறவர்கள் தாளில் சொன்னபடி மறுநாள், புதன்கிழமை, வந்தார்கள். அதற்குள் நானும் மனைவியும் தொட்டியை ஸ்டோர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம். இடுப்பு மறுபடி பிடித்தது. இயந்திரத்தைத் தோளில் மாட்டியிருந்த மலாய்க்காரருக்கு முப்பது வயது இருக்கும். முகக்கவசம் தாடையில் கிடந்தது. "பக்சிக், பிந்து செமுவா புக்கா யா" என்றார். எல்லாக் கதவையும் திறக்க வேண்டுமாம். ஸ்டோரைக் காட்டினார். உள்ளே செடி என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வெள்ளைப் புகை வீட்டைப் பாத்திரம் கழுவுவது போல ஒரு சுற்று சுற்றி வெளியே போனது.

கேட்டருகே அவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தபோது, இந்தச் சட்டையை யார் துவைப்பது என்று மலாயில் கேட்டேன். கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பினி சாயா லா, பக்சிக்." மனைவிதான், வேறு யார்?

வேறு என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஸ்டோர் கதவைத் திறந்தேன். கதவிடுக்கு வழியாக வாடை உள்ளே போயிருந்தது. இலையில் உயிரோடு ஆறு. தரையில் செத்தது மூன்று. டெங்கி அறிவிப்புத் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பழைய நோட்டு என்னிடம் இல்லை. லாபிஸ் அறையைக் காலி செய்தபோது மற்ற நோட்டுகளோடு கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அந்தப் பத்திரிகையும் இப்போது வருவதில்லை.

தொட்டியை மறுபடி இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கேட்டை ஒட்டி, வெயில் படுகிற இடத்தில் வைத்தேன்.

"வாசல்லயா? என்னங்க, எருக்கு பாழடஞ்ச வீட்டுல மொளைக்கிறது" என்றாள் மனைவி.

"இல்ல" என்றேன்.

இந்தச் செடி வாங்கிய நாளில், லாபிஸ் கல்யாணத்தில் விருந்து முடிந்த பிறகு, சிகரெட் வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். சிகரெட்டை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, அவள் அதைக் கூடக் கேட்கவில்லை. லயம் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, ஆபீஸ் இல்லை, பலகை இல்லை. சாலை வரைக்கும் செம்பனை. அக்கா வீடு இருந்த இடத்தைத் தண்ணீர்க் குழாயின் சிமெண்டு மேடையை வைத்துக் கண்டுபிடித்தேன். அதைச் சுற்றி நடந்து, கீழே தேடிப் பார்த்தேன். மரங்களுக்கடியில் புல் முழுதும் ஒரே பழுப்பாகக் கருகிக் கிடந்தது, அண்மையில்தான் மருந்து அடித்திருக்க வேண்டும். எருக்கு எங்கும் முளைக்கவில்லை.